பீரோவுக்குள்ள இருந்த பேச்சு

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேரன் வேப்ப மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்தான். முன்னால் பலகை, பலகை மேல் டேப். நண்பர் என் பக்கம் சாய்ந்து, "என்னங்க, கிராமத்துலயும் இதே கதைதானா? இந்த வயசுல ஸ்கிரீன் பழக்கம் வேண்டாமே, மண்ணுல விளையாட விடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் எங்க நாய் மணி குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. அவர் மகள் பயந்து கட்டில் மேல் ஏறிக்கொண்டாள். பேரன் கை கொஞ்ச நேரம் காத்துல அலைந்தது. அப்புறம் டேப்பிலிருந்து ஒரு பையன் குரல் வந்தது: "மணி கடிக்காது."

நண்பர் அதுக்கப்புறம் ஸ்கிரீனைப் பத்திப் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டதை பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்கிறார்கள். ஒருதடவை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலிக்காது.

பேரன் என் மகள் வயிற்றுப் பிள்ளை. ஒன்பது வயசு. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கும், வலது கை ஓரளவு சொன்னபடி கேட்கும், கால் கேட்காது. காது நன்றாகக் கேட்கும், நாம் பேசுவது எல்லாம் புரியும். பேச்சு மட்டும் வராது. மகளும் மாப்பிள்ளையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ரெண்டாவது மாடி வாடகை வீட்டில் இவனை வைத்துக்கொண்டு ஏறி இறங்க முடியாது. அதனால் அவன் எங்களோடு இருக்கிறான். ஊர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு. வாரத்தில் மூணு நாள் டி.வி.எஸ். 50-இல் முன்னால் உட்கார வைத்து, துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நான் கூட்டிப் போவேன். மற்ற நாள் வீட்டில். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் டீச்சர் வாரம் ஒருமுறை வந்து சொல்லிக் கொடுப்பார்.

டேப் வருவதற்கு முன்னால் அவனுக்கு இருந்தது ரெண்டு சத்தம், ஒரு சிரிப்பு, ஒரு அழுகை. மிச்சத்தை நாங்கள் யூகம் செய்வோம். தண்ணியா? வெளிய போகணுமா? கொசு கடிக்குதா? பத்துக் கேள்வி கேட்டு, பதினோராவதில் அவனே சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வான்.

ஒரு கம்பெனி பள்ளிக்கு நன்கொடையாக ரெண்டு டேப் கொடுத்தது. ஒன்று இவனுக்கு. இன்னொன்று ஏழாம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு. அதுக்குப் பார்வை ரொம்பக் குறைவு. அந்தப் பிள்ளையைப் பத்திப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு எழுதியதில் அர்த்தமில்லை.

இவனுக்கு வந்த டேப்பில், படத்தைத் தொட்டால் வார்த்தை பேசுகிற செயலி ஒன்று போட்டிருந்தார்கள். இந்த வகையில் நம்ம சென்னைக்கு ஒரு பெயர் உண்டு. பேச்சு வராத பிள்ளைகளுக்காக அஜித் நாராயணன் என்கிற பொறியாளர் 'ஆவாஸ்' என்ற கருவியைச் சென்னையில்தான் செய்தார். வித்யாசாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடு பழகிச் செய்தது. முதலில் தனிக் கருவியாக இருந்து அப்புறம் டேப்பில் போடுகிற செயலியாக வந்தது. எங்களுக்கு வந்தது வேறொன்று. ஆனால் வேலை ஒரே மாதிரிதான்: திரையில் கட்டம் கட்டமாகப் படம். 'நான்', 'வேணும்', 'இன்னும்', 'முடிஞ்சுது' போன்ற எப்போதும் வேண்டிய வார்த்தைகள் முதல் பக்கத்தில். சாப்பாடு, உடம்பு, ஆட்கள் எல்லாம் உள் பக்கங்களில்.

"அவன்கிட்ட பேசுன்னு சொல்லாதீங்க அப்பா. நீங்க பேசும்போதெல்லாம் நீங்களும் அதைத் தொட்டுப் பேசுங்க. குழந்தை நம்மைப் பாத்துத்தானே பேசக் கத்துக்குது?" என்றார் டீச்சர். அதனால் நானும் வீட்டுக்காரியும் ரெண்டு மாசம் பைத்தியம் மாதிரி டேப்பைத் தொட்டுத் தொட்டுப் பேசினோம். "சாப்பாடு" என்று தொட்டுவிட்டுச் சாப்பாடு போட்டாள். களை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் முதலில் தானாகச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? 'அம்மா' இல்லை, 'அப்புச்சி'யும் இல்லை. "வேண்டாம்." காலையில் பால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது சொன்னான். வீட்டுக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சு வருசமாக, நாங்கள் கறந்த பால் என்று பெருமையோடு ஆடை எடுக்காமல் ஊட்டிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அந்த ஆடை பிடிக்கவே பிடிக்காதாம். வடிகட்டிக் கொடுத்தால் குடிக்கிறான். அஞ்சு வருசம்! அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

அந்த டேப்பைக் காப்பாத்துவது கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது மாதிரி தினப்படி வேலை. முதல் பிரச்சினை கை. அவன் விரல் ஒன்றைக் குறி வைத்தால் பக்கத்தில் இருப்பதில் விழும். 'தண்ணி'யைத் தொடப்போய் 'தலைவலி' விழுந்து, மாத்திரை கொடுக்காத குறை. டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: கட்டத்துக்கு ஒரு ஓட்டை வீதம் போட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகட்டைத் திரை மேல் வைத்துவிட்டால் விரல் ஓட்டைக்குள்ளதான் இறங்கும். வெளியே வாங்கினால் விலை கூடுதல். நான் காகிதத்தில் அளவு வரைந்து டவுனில் பெயர்ப் பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் தகடு வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரப் பையன் முதல் தகட்டுக்குக் காசு வாங்கினான். எதுக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அளவு தப்பாகிப்போன ரெண்டாவதுக்கும் சரியாக வந்த மூணாவதுக்கும் வாங்கவில்லை.

அடுத்தது, கை பட்டு செயலியை விட்டு வெளியே போய்விடுவது. ஒரே செயலியில் பூட்டி வைக்கிற வசதி அந்த டேப்பிலேயே இருக்கிறது. வெளியே வர எண் போட வேண்டும். இது பேரனுக்காகச் செய்ததைவிட என் தம்பி பேரன்களுக்காகச் செய்தது. லீவுக்கு வந்தால் அவர்களுக்குக் கேம் விளையாட வேண்டும். "அது அவன் வாய்டா. அவன் வாயைப் பிடுங்கிட்டுப் போய் நீங்க விளையாடுவீங்களா?" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் தொடுவதில்லை.

சார்ஜ் ராத்திரி மட்டும். காலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். சித்திரை வெயிலில் திரை சூடாகி அதுவாகவே அணைந்துவிடும், அதனால் நிழல் முக்கியம். மஞ்சள் பாலீஷ் போடுகிற நாளில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுவோம். அந்தத் தூசி சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் போனால் கதை முடிந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய வேலை வார்த்தை.

செயலியில் இருந்த வார்த்தைகள் யாரோ ஒரு டவுன் பிள்ளைக்கு வைத்தவை. பீட்சா இருந்தது, கம்மங்கூழ் இல்லை. லிப்ட் இருந்தது, வாய்க்கால் இல்லை. மாட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை பொம்மை மாடு. எங்க செவலையைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தைத் தொட அவனுக்கு எப்படித் தோன்றும்? பேசுவதும் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி. எங்க வீட்டில் அப்படி யாரும் தண்ணி கேட்டதில்லை.

நானே ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தேன். செவலை, அதன் கன்று, மோட்டார் ரூம், தொட்டி, வெங்காயப் பட்டறை, மாரியம்மன் கோயில், டீக்கடை. "கரண்ட் போச்சு" என்று ஒரு கட்டம். அதுதான் இந்த வீட்டில் அதிகம் தேய்ந்தது. குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையனைப் பிடித்தேன். இவன் வயசுதான். நான் பேசிப் பதிந்தால் கிழவன் குரலில் பேசுவான், அது நன்றாக இருக்காது. அந்தப் பையன் சாயங்காலம் பள்ளி விட்டு வந்து ஒரு முறுக்குக்கு அஞ்சு வார்த்தை என்று பேசிக் கொடுத்தான். "அப்புச்சி, இங்க வா", "அம்மாயி, போதும்", "எனக்குப் போரடிக்குது", "தள்ளிப் போடா". கடைசியைப் போடலாமா என்று யோசித்தேன். கோபத்துக்கு ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அவன் பழையபடி கையைக் கடித்துக்கொள்வான் என்றார் டீச்சர். போட்டோம். முதல் நாளே என்னிடம்தான் சொன்னான்.

பங்குனி முடிவதற்குள் 240 கட்டம் சேர்ந்திருந்தது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் எண்ணிக்கை தெரியும்.

ஏப்ரல் கடைசியில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். டேப்பைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள், வருசக் கடைசியில் இருப்புச் சரிபார்க்க வேண்டும், லீவு முடிந்து ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் கொடுத்துவிட்டு வந்தேன். ஆமாங்க, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். அரசாங்கச் சொத்து மாதிரி, நமக்கு உரிமை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். சார் அதை அட்டைப் பெட்டியில் வைத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மேசை டிராயரில் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் பேரன் வெறும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்று இல்லை, ஒரு வாரம் தட்டினான். அப்புறம் தட்டுவதை விட்டுவிட்டான். நாங்களும் பழையபடி பத்துக் கேள்விக்குத் திரும்பினோம். மே மாசம் நடுவில் ஒருநாள் சாயங்காலத்திலிருந்து அழுகை. பசியா, வயிறா, கொசுவா, அம்மா ஞாபகமா? விடிகாலையில் காய்ச்சல் ஏறிய பிறகுதான் காது என்று தெரிந்தது. சீழ் பிடித்திருந்தது. 'வலிக்குது', 'காது' ரெண்டும் டேப்பில் உடம்புப் பக்கத்தில் அடுத்தடுத்த கட்டம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்றே போய் நின்றேன். டேப் கிடைத்தது, புத்தம் புதுசாக. புது வருசத்துக்கு என்று யாரோ எல்லாவற்றையும் துடைத்து, கம்பெனியில் வந்த நிலைக்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பொம்மை மாடு திரும்பி வந்திருந்தது. செவலை இல்லை, மணி இல்லை, பக்கத்துத் தோட்டத்துப் பையன் குரல் இல்லை. துடைத்தவர் மேல் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவருக்கு அது ஒரு கருவி, உள்ளே இருந்தது குப்பை. நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. விதை வெங்காயத்தை எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்த விவசாயியை என்ன சொல்வார்கள்?

இப்போது ஒவ்வொரு அமாவாசையன்றும் நகல் எடுக்கிறேன். தேதி மறக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒன்று மெமரி கார்டில், ஒன்று மகள் போனில். அதோடு முக்கியமான 40 படத்தைக் காகிதத்தில் அச்சடித்து லேமினேசன் செய்து நாற்காலியில் மாட்டியிருக்கிறோம். சார்ஜ் போனாலும் காகிதம் போகாது. டீச்சர் முதல் நாளே இதைச் செய்யச் சொன்னார், நான்தான் டேப் மயக்கத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருசம் ஏப்ரலுக்கு முன்பே தயாரானேன். மகள் சட்டத்தைத் தேடி அனுப்பினாள். 2016ஆம் வருசத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருக்கிற மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அதுக்கு முந்தின உட்பிரிவு. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. எதுக்காக என்றால், பாடத்துக்காக என்று மட்டும் சொல்லவில்லை. அன்றாடத் தேவைக்கும் நாலு பேரோடு பழகுவதற்கும். அன்றாடம் என்றால் மே மாசமும் அன்றாடம்தானே?

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்கித் தருகிறவர். "அண்ணா, நாளைக்குத் தணிக்கையில வந்து பொருள் எங்கேன்னு கேட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க. போன பள்ளிக்கூடத்துல ஒரு புரொஜக்டருக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன்: லீவில் டேப் என் பொறுப்பு, உடைந்தாலோ தொலைந்தாலோ விலையை நானே கட்டுகிறேன். கையெழுத்துப் போட்டேன். சார் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பேரனை முன்னால் கட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவன் "மணி", "மணி" என்று தொட்டுக்கொண்டே வந்தான்.

மூணு நாள் கழித்து வெங்காயக் காட்டில் களை எடுப்பு. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா எங்க காட்டுக்குத்தான் வேலைக்கு வருகிறார். மத்தியானம் மரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தவர் பேரன் கையில் டேப்பைப் பார்த்தார். "ஏனுங்க, எழுதிக் குடுத்தா லீவுக்குத் தர்றாங்களாங்க? எங்க புள்ள பீரோவுலதான் இருக்குதுன்னு சொல்லுச்சு."

எனக்கு வாயில் போட்ட சோறு இறங்கவில்லை. பீரோவைத் திறந்தபோது அந்த இன்னொரு அட்டைப் பெட்டியை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு டேப் எதுக்கு என்றால், கேமராவைப் புத்தகத்தின் மேல் பிடித்து எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கும். கரும்பலகையையும் அப்படித்தான் பார்க்கும். பெரிய எழுத்துப் பாடப் புத்தகம் வருகிறது, ஆனால் பாடப் புத்தகம் தவிர உலகத்தில் எதுவும் பெரிய எழுத்தில் இல்லை.

என்னை மாதிரி எழுதிக் கொடுக்க அந்த அம்மாவால் முடியுமா? டேப் உடைந்தால் அவர் கட்ட வேண்டியது எத்தனை நாள் கூலி! அவர் பயந்து கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு நான் ஒரு அடமானப் பத்திரம் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்தவர்கள் யார் போனாலும் சார் அந்தக் காகிதத்தைத்தான் மாதிரியாகக் காட்டுவார்.

மறுநாள் திரும்பப் போனேன். என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். சார் ஒரு மாதிரி பார்த்தார். வழி சொன்னது டீச்சர்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம் என்றார். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர்கள்தான். குழு தீர்மானம் போட்டால் சார் தலையில் மட்டும் விடியாது. குழுவில் ஒரு அப்பா, "உடைச்சுட்டா?" என்று கேட்டார். "பள்ளிக்கூட பெஞ்சை உடைச்சா யாருங்க கட்டறது?" என்று குழுத் தலைவியம்மா கேட்க, பேச்சு அதோடு முடிந்தது. தீர்மானம் நாலு வரி: ரெண்டு கருவியும் அந்த ரெண்டு மாணவர்களின் முழு நேரப் பயன்பாட்டுக்கு. லீவுக்கும் சேர்த்து. இருப்புச் சரிபார்ப்புக்கு ஒருநாள் கொண்டுவந்து காட்டிவிட்டு அன்றே எடுத்துப் போகலாம். உள்ளே இருக்கிறதை வீட்டில் கேட்காமல் அழிக்கக் கூடாது. கடைசி வரி நான் கேட்டுச் சேர்த்தது. இதெல்லாம் பேசி முடிப்பதற்குள் லீவில் பாதி போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது மூணு வாரம்தான்.

அதை எங்கே வைப்பது என்று அந்த அம்மாவுக்குக் கவலை. வீடு ஓடு, மழைக்கு ஒழுகும். அரிசி டிரம்முக்குள் துணி சுற்றி வைக்கிறாராம். பகலில் பிள்ளை அம்மாவோடு எங்க தோட்டத்துக்கு வந்துவிடும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும். உர மூட்டை, பூச்சி மருந்து டப்பா, காலண்டர் பின்பக்கம். மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கிற எச்சரிக்கையை இருபது வருசத்தில் முதல்முறையாக ஒருத்தர் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியது அன்றைக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை. கூலி கொடுக்கிற நாள். நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சில்லறை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அந்தப் பிள்ளை நோட்டு மேல் டேப்பைப் பிடித்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தது. என் கையெழுத்து எனக்கே சமயத்தில் புரியாது.

"தாத்தா, எங்கம்மாவுக்குப் புதன்கிழமை போடலீங்க" என்றது.

அவங்கம்மா, "ஏய், சும்மா இரு" என்று அதட்டினார்.

நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை போடவில்லைதான்.